பேர் வைத்தவரும் செங்கல் வைத்தவரும்

சௌல்தாரி என்ற பெயரைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு ஒரு முகலாய இளவரசி தோன்றினாள். பட்டுத் திரை, பன்னீர்ச் செம்பு, விசிறி வீசும் இரண்டு தோழிகள். ஒரு இந்தி அகராதி வந்து கனவைக் கலைத்தது. அதில் சோல்தாரி என்றால் சின்னக் கூடாரம். நாலு குச்சி நட்டு, மேலே துணி போட்டு, சிப்பாய் கால் நீட்டினால் பாதம் வெளியே வந்துவிடுகிற ரகம்.

தெற்கு அந்தமானில் கைதிகள் காடு திருத்திக் குடியேறிய பழைய ஊர்களில் ஒன்று சௌல்தாரி. இன்று தென்னை, பாக்கு, பஸ் நிறுத்தம் எல்லாம் இருக்கிறது. கூடாரம்தான் இல்லை.

இந்த ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போர்ட் பிளேயர் போவோம். போகிற வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். அந்தமான் சரித்திரத்தில் பாதி அந்தப் பலகைகளிலேயே இருக்கிறது. மீதிப் பாதி பலகையில் பெயர் வராதவர்களுடையது.

வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இங்கே ஒரு வியாதி இருந்தது. மலேரியா இல்லை, அது வேறு. ஒரு ஊரைப் பார்த்தால் உடனே தன் பெயரை அதன் நெற்றியில் ஒட்டிவிடுவது. ஃபெரார் என்று ஒரு தலைமை ஆணையர், ஃபெரார்கஞ்ச் வந்தது. விம்பர்லிக்கு விம்பர்லிகஞ்ச். காடலுக்குக் காடல்கஞ்ச். ப்ரோதரோ என்ற கர்னலின் பெயரை உள்ளூர் வாய்கள் மென்று துப்பியதில் ப்ரோத்ராப்பூர் கிடைத்தது. மேலே கோட்டு, கீழே வேட்டி கட்டின மாதிரி பெயர்கள். வாழ்நாள் முழுக்கத் துரை ஆங்கிலம் பேசிய மனிதர், கடைசியில் ஒரு 'பூர்' ஆகி பஸ் கண்டக்டர் வாயில் தினம் பத்துத் தடவை கத்தப்படுகிறார்.

கைதிகளும் பெயர் வைத்தார்கள். 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் தாங்கள் குடியேறிய இடங்களுக்கு மஞ்சேரி, மலப்புரம், திரூர், வண்டூர், காலிகட் என்று வைத்துக்கொண்டார்கள். துரை தன் பெயரை வைத்தார், கைதி தன் அம்மா இருந்த ஊரின் பெயரை வைத்தான். இன்றைக்கும் போனில் மேப்பைத் திறந்து 'காலிகட்' என்று அவசரத்தில் தட்டினீர்களானால், பதினைந்து நிமிஷப் பயணத்துக்குப் பதில் அது உங்களைக் கேரளாவுக்குக் கப்பலேற்றப் பார்க்கும். கைதிகள் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

பெயர் வைக்கிற விளையாட்டில் முதல் ஆட்டக்காரர் ஆர்ச்சிபால்ட் பிளேயர். 1789இல் சாத்தம் தீவில் குடியேற்றம் அமைத்தார். நல்ல உத்தியோகஸ்தர், மேலிடத்து மனசு தெரிந்தவர். துறைமுகத்துக்கு கமடோர் கார்ன்வாலிஸ் பெயரை வைத்தார். கமடோரின் அண்ணன்தான் அப்போது கவர்னர் ஜெனரல் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல் என்று நம்புவோமாக. மூன்று வருஷத்தில் குடியேற்றத்தை வடக்கே வேறொரு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். மூட்டை முடிச்சோடு 'போர்ட் கார்ன்வாலிஸ்' என்ற பெயரையும் கட்டி எடுத்துப் போனார்கள்! அங்கே காய்ச்சல் அடித்துத் துவைத்ததில் 1796இல் கடையைச் சாத்தினார்கள். கைவிடப்பட்ட பழைய துறைமுகத்துக்குப் பிற்பாடு பிளேயரின் பெயர் வந்து சேர்ந்தது. பாஸுக்குக் கட்டிய வீட்டில் கிளார்க் குடியேறின கதை.

அந்தப் பெயரும் 2024 செப்டம்பர் வரைதான். இப்போது ஊர் ஸ்ரீ விஜயபுரம். அறிவிப்பில் சோழர் கடற்படையையும் நினைவுகூர்ந்தார்கள், தமிழனாக எனக்குப் புல்லரித்தது. புல்லரிப்பு அடங்கியபின் ஒரு சின்ன உறுத்தல். விஜயம் என்றால் வெற்றி, சுதந்திரப் போராட்ட வெற்றி, சரி. ஆனால் நம் ராஜேந்திர சோழர் 1025 வாக்கில் கப்பல் கட்டிக்கொண்டு போய் யாரை அடித்தார்? ஸ்ரீவிஜயத்தை! சோழர் பெருமை பேசி வைத்த பெயர், சோழரிடம் உதை வாங்கிய ராஜ்யத்தின் பெயர் மாதிரியே அமைந்துவிட்டது. நாமும் அடக்கி வாசிக்க வேண்டும். ராஜேந்திரர் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் நிக்கோபார்தான். அந்தமானில் அவர் இறங்கி இளநீர் குடித்ததாக நாம் மேடையில் பேசுவதெல்லாம் நம் சொந்தச் சரக்கு.

இவ்வளவு பெயர் மாற்றத்திலும் தபால்காரர் அசரவில்லை. பின்கோடு அதே 744101.

கதைக்கு வருவோம். 1858 மார்ச் 10. டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். பெரும்பாலும் 1857 கிளர்ச்சியில் பிடிபட்டவர்கள். வாக்கர் முன்பு ஆக்ரா சிறையைக் கட்டி மேய்த்தவர். படிப்பு வைத்தியம், கைராசி தூக்குக்கயிறு. தப்பி ஓடிப் பிடிபட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்களை மொத்தமாகத் தூக்கிலிட்டவர் என்ற அளவில் சரித்திரம் இவரை ஞாபகம் வைத்திருக்கிறது. 

ஓடியவர்களில் ஒருவர் தூத்நாத் திவாரி. வடக்கே நடந்தால் பர்மா வந்துவிடும் என்று அந்த நாளில் கைதிகளிடையே ஒரு நம்பிக்கை. நடுவில் கடல் இருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கூட வந்தவர்கள் அந்தமானியர் அம்புகளுக்கு இரையாக, காயத்தோடு கிடந்த திவாரியை மட்டும் அந்த மக்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்களோடு வாழ்ந்தார். இரண்டு கல்யாணமும் ஆயிற்று. வெளியே ஆயுள்தண்டனைக் கைதி, உள்ளே வீட்டு மாப்பிள்ளை.

1859 மே மாதம் அந்தமானியர் தங்கள் மண்ணைப் பிடித்தவர்களை விரட்ட அபர்டீன் மேல் படையெடுக்கத் திட்டமிட்டார்கள். மாப்பிள்ளை ஓடோடி வந்து வாக்கரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். கப்பல் பீரங்கிக்கு முன்னால் வில்லும் அம்பும் எத்தனை நேரம் நிற்கும்? திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊருக்குப் போனார். மாமனார் வீட்டுக்கு ஒரு நினைவுத்தூண் கிடைத்தது, அதுவும் சுதந்திரத்துக்குப் பிறகு.

அபர்டீன் என்றேன். ஸ்காட்லாந்தில் கருங்கல் வீடுகளும் குளிர்காற்றுமாக இருக்கிற அபர்டீன்தான். வேர்த்துக் கொட்டுகிற இந்தக் கடற்கரைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அபர்டீன் பஜார் இன்றைக்கும் ஊரின் இதயம். மணிக்கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் காதில் விழும். பேரம் மட்டும் இந்தியில். ஒரு காலத்துக் கைதிகள் ஆளுக்கொரு மாகாணத்துக்காரர்கள். சேர்ந்து சாப்பிட, சண்டை போட, கல்யாணம் பண்ண ஒரு பாஷை வேண்டியிருந்தது. பலருக்கும் சரியாகத் தெரியாத இந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் பெருமை இல்லாததால் சண்டையும் இல்லை!

கல்யாணம் என்றதும் ஷாதிப்பூரைச் சொல்லாமல் விடமுடியாது. பெயரிலேயே கல்யாணம் இருக்கிற பேட்டை. நன்னடத்தையில் வருஷங்களைக் கழித்த ஆண் கைதிக்கு நிலம் கொடுத்து 'சொந்தக் காலில் நில்' என்று வெளியே விடுவார்கள். கல்யாணமும் செய்துகொள்ளலாம். பெண் கைதிகளை வரிசையில் நிறுத்தி, இவர் பார்த்து, அவர் சம்மதித்து, துரை கையெழுத்துப் போட்டால் தாலி. ஜாதகம் இல்லை, ஜாதி பெரிதாக இல்லை, வரதட்சணை சுத்தமாக இல்லை. இரண்டு பேர் கையிலும் இருந்த ஒரே சர்டிபிகேட் குற்றப்பத்திரிகை. அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் இன்று 'லோக்கல் பார்ன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறவர்கள். சொல்லலாம். நம்மில் எத்தனை பேர் கொள்ளுத்தாத்தாவின் கேஸ் நம்பரைச் சொல்ல முடியும்?

துறைமுகத்துக்கு எதிரே ஒரு மலை. ஹாரியட் மலை. அதிகாரியாக இருந்த டைட்லரின் மனைவி பெயர் ஹாரியட். கல்யாண நாளுக்குப் புடவை எடுத்துத் தருகிற கணவன்மார்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுங்கள். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னைகளோடு தெரிந்த கடல் இந்த மலையிலிருந்து பார்த்த காட்சி. அந்தம்மாவின் மலையை நாம் எல்லோரும் பர்ஸில் மடித்து வைத்திருந்தோம். 2021இல் பெயர் மணிப்பூர் மலை ஆயிற்று, 1891 போருக்குப் பின் அங்கே சிறை வைக்கப்பட்ட மணிப்பூர் ராஜகுடும்பத்தாரின் நினைவாக.

1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு இந்தத் தீவுகளைப் பார்வையிட வந்தார். பகல் முழுக்கப் பயங்கரப் பாதுகாப்பு. ஆபத்தான கைதிகள் அடைபட்ட வைப்பர் தீவைக்கூடச் சுற்றிப் பார்த்துவிட்டார், ஒரு கொசுவும் கடிக்கவில்லை. சாயங்காலம் அவருக்கு ஹாரியட் மலை ஏறி சூரிய அஸ்தமனம் பார்க்க ஆசை வந்தது. நோயாளிகளுக்கு அங்கே ஆரோக்கிய நிலையம் கட்டலாமா என்றும் யோசித்தார். இருட்டில் இறங்கி வந்து படகேறும் இடத்தில் ஷேர் அலி அப்ரிதி கத்தியோடு பாய்ந்தான். முன்பு போலீஸில் இருந்தவன். நன்னடத்தைக்காக அவனுக்குச் சிறைக்கு வெளியே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். முடிவெட்டும் வேலை. இந்தியாவின் ஒரு வைஸ்ராய் இப்படிக் கொலையானது அந்த ஒரே தடவைதான். 

இனி ராஸ் தீவு. ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய பொட்டுத் தீவு. கேட்டட் கம்யூனிட்டி என்று இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் விற்கிறார்களே, அதன் கொள்ளுப்பாட்டி. தலைமை ஆணையர் மாளிகை, நடன மண்டபம், தேவாலயம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், கிளப், அச்சகம், பேக்கரி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. கீழை நாட்டுப் பாரிஸ் என்று பட்டம் வேறு. பாரிஸில் டென்னிஸ் ஆடினவர்களின் பெயர்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. பாரிஸைக் கட்டின கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் எண் வரும்.

1941 ஜூன் 26, பூகம்பம். அடுத்த மார்ச்சில் ஜப்பானியர். 'கிளப்பை யார் பார்த்துக்கொள்வது?' என்று கேட்பதற்குக்கூட நேரமில்லாமல் பாரிஸ் காலியாயிற்று. அதன்பின் அங்கே குடியேறியது ஆலமரமும் அத்தியும். இன்று ராஸில் போய்ப் பாருங்கள். சுவரைப் பிளந்தது வேர், அதே சுவரை விழாமல் கட்டிப் பிடித்திருப்பதும் வேர். வேரை வெட்டினால் மாளிகை சரியும், விட்டால் மாளிகை வேராகிவிடும். பாரம்பரியப் பாதுகாப்பு நிபுணர்கள் கன்னத்தில் கை வைத்து நிற்கிறார்கள். 1979 முதல் தீவு கடற்படை வசம் இருக்கிறது. வேட்டைக்கென்று துரைமார் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான்களின் வம்சம் அங்கே நிம்மதியாக மேய்கிறது. வேட்டைக்காரர் போய்விட்டார், வேட்டைக்கு வந்தது பரம்பரை வீட்டுக்காரராகிவிட்டது.

1943 டிசம்பரில் நேதாஜி வந்தபோது தங்கியதும் ராஸில்தான். 2018இல் தீவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். அவர் வந்து போன ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஜப்பானியர் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக்கொன்றார்கள். அதுவும் ஒரு துரை பெயர்தான். அந்தப் பலகை வரும்போது மட்டும் என்னிடம் ஜோக் எதிர்பார்க்காதீர்கள்.

செல்லுலார் சிறை உங்களுக்குத் தெரியும். 1896இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் கோபுரம், ஏழு திசையில் ஏழு மூன்றடுக்குச் சிறகுகள், கடல்நட்சத்திரம் படுத்துக் கிடக்கிற மாதிரி. செங்கல் பர்மாவிலிருந்து. கைகள் கைதிகளுடையவை. தன்னை அடைக்கிற அறையைத் தானே நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ஒரு மில்லிமீட்டர் சாயாமல் கட்டிய கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். சுமாராகக் கட்டியிருக்கலாமே! தொழில் விடவில்லை. நம் அப்பார்ட்மென்ட் பில்டர்களை ஒரு வாரம் அங்கே பயிற்சிக்கு அனுப்பலாம், திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

ஏழு சிறகில் இரண்டு ஜப்பானியர் காலத்தில் போயிற்று. இரண்டை சுதந்திர இந்தியாவே இடித்தது. அந்த வளாகத்தில் 1963இல் ஆஸ்பத்திரி வந்தது. ஆஸ்பத்திரி நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? மீதியையும் இடித்துவிடுவார்களோ என்ற பயம் வந்தபோது எதிர்த்துக் கிளம்பியவர்கள் யார் தெரியுமா? அதே அறைகளில் செக்கு இழுத்து, கயிறு திரித்து, பட்டினி கிடந்த பழைய அரசியல் கைதிகள். உள்ளே இருந்தபோது 'இது எப்போது இடியும்' என்று காத்திருந்தவர்கள் வெளியே வந்து 'இடிக்காதே' என்று கொடி பிடித்தார்கள். உள்ளே ஒரு ராத்திரிகூடத் தூங்காத அதிகாரிகளுக்குத்தான் அது வெறும் பழைய செங்கல். மிஞ்சிய மூன்று சிறகும் கோபுரமும் 1979இல் தேசிய நினைவுச்சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

சிறை பிழைத்துவிட்டது. பிழைக்காமல் தவிப்பது பழைய ஊரின் மரவீடுகள். மரச்சட்டம், பலகைச் சுவர், தகரக் கூரை, தரையிலிருந்து தூக்கிக் கட்டின தளம். அழகுக்காகக் கட்டவில்லை. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும், பூமி அடிக்கடி குலுங்கும். கல் வீடு முறைத்துக்கொண்டு நின்று விரிசல் விடும், மரவீடு கூடவே ஆடிவிட்டு உட்காரும். புத்திசாலி வீடு. மாமியார் குரலை உயர்த்தினால் மருமகள் ஆடி அசைந்து சமாளிக்கிற மாதிரி.

இந்த வீடுகளைக் காப்பாற்ற வேண்டும், இழைப்புளியும் உளியும் பிடிக்கிற தச்சர் கையையும் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, ஒரு தூண் உளுத்துப்போனால் மாற்ற மரம் தேடுங்கள் பார்ப்போம். 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்றுக்கொண்டு, அந்தமான் காட்டில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. உள்ளூர்த் தேவைக்கு அளவோடு மட்டும். ஒட்டுப்பலகை ஆலைகள் படுத்தன. நியாயமான தீர்ப்பு. நூறு வருஷமாகப் படாக் மரத்தைக் கப்பல் கப்பலாக ஏற்றியிருக்கிறோம், காடு எத்தனை நாள் பொறுக்கும்?

சரி, மரம் வேண்டாம், கான்கிரீட் போடலாம் என்றால் மணல் வேண்டும். அதே தீர்ப்பு கடற்கரை மணலை அள்ளுவதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. நாலு பக்கமும் கடற்கரை, மணலோ கப்பலில் வரவேண்டும். சங்குக் கைவினை செய்யலாம் என்றால் வனவிலங்குச் சட்டம் எட்டிப் பார்க்கும். ஏர்போர்ட்டில் உங்கள் பையில் ஒரு சோழி சிரித்தால் கேள்வி வரும். பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று ஒரு கை முதுகைத் தட்டுகிறது, பாரம்பரியம் எதனால் செய்ததோ அதைத் தொடாதே என்று இன்னொரு கை காதைத் திருகுகிறது. என்னைக் கேட்டால் காது திருகும் கைக்குத்தான் என் ஓட்டு. மூட்டுப்போடும் வித்தையை இன்னொரு தச்சன் கற்றுக்கொள்ளலாம், முந்நூறு வருஷப் படாக்கை யார் கற்றுக்கொடுத்து வளர்ப்பது?

வேலை போனது தச்சருக்கு மட்டுமில்லை. மரம் இழுக்க வந்த யானைகளும் வி.ஆர்.எஸ். வாங்கின. அதில் ராஜன் என்ற யானை ஹேவ்லாக் கடலில் நீந்தி, ஹாலிவுட் இயக்குநர் கண்ணில் பட்டு, சினிமாவில் நடித்து, உலகப் புகழோடு 2016இல் கண்ணை மூடியது. மரம் இழுத்த நாளில் யாரும் அதோடு போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக சாத்தம் மர ஆலைக்குப் போவோம். 1883இல் தொடங்கியது, ஆசியாவின் பழைய, பெரிய மர ஆலைகளில் ஒன்று. ரம்பங்கள் இப்போது நிதானமாகத்தான் ஓடுகின்றன. மரத்தூள் வாசனை மட்டும் மாறவில்லை. வனத்துறை அருங்காட்சியகத்தில் படாக்கில் செதுக்கிய யானையும் மேசையும் பளபளக்கின்றன. செதுக்கியவர் பெயர் எங்கே என்று குனிந்து தேடினேன், மர வகையின் பெயர் இருந்தது.

வெளியே வந்தால் ஒரு பலகை, அதன் பக்கத்தில் ஒரு பள்ளம். 1942 மார்ச்சில் ஜப்பானிய விமானம் போட்ட குண்டு விழுந்த இடம். ஆலையின் பழைய கொட்டகைகளுக்கு மரம் வேண்டும், தகரம் வேண்டும், ஆள் வேண்டும், அனுமதி வேண்டும். பள்ளத்துக்கு ஒன்றும் வேண்டாம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான். எண்பது வருஷம் தாண்டியும் ஒரு செங்கல் குறையாமல், பெயர்கூட மாறாமல், எல்லோரும் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள, ஊரிலேயே மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டுவரும் ஹெரிட்டேஜ் அந்தக் குழிதான்.